சின்ன நாடுகளின் பாதுகாப்பும் சேரிச் சிப்பாயின் தூக்கமும்

என் சித்தப்பா ராத்திரியில் தூங்குவதில்லை. இருபத்தைந்து வருஷமாக இதுதான் கதை. பட்டாளத்தில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு 2000இல் மூலனூருக்குத் திரும்பி வந்தவர், வந்த மூன்றாம் மாதமே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நைட் ஷிப்ட்தான் வேணும் என்று கேட்டு வாங்கினார். "தூக்கம் வராதவனுக்கு இதவிடத் தோதான வேலை ஏது கண்ணு?" என்பார். எங்கள் வளவில் எல்லாரும் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டோம். அது ஒரு நோய் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

போன வருஷம் தாராபுரத்தில் ஒரு வாசிப்பு வட்டக் கூட்டம். உக்ரைன் மீது 2022இல் ரஷ்யா படையெடுத்ததிலிருந்து, சின்ன நாடுகள் தங்களை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்ற கேள்வி எல்லா இடத்திலும் அடிபடுகிறது. பெரிய நாட்டோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வதா, யாரோடும் சேராமல் நிற்பதா, சொந்தப் படையைப் பெருக்குவதா, படையே இல்லாமல் இருப்பதா என்று ஒரு தோழர் விலாவாரியாகப் பேசினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்து ஒரே கேள்வி கேட்டார்: "ஏனுங் தோழர், எந்த வழியில போனாலும் துப்பாக்கியப் புடிச்சுட்டு நிக்கறவன் ஒருத்தன் வேணுமல்லங்? அவன் யாரு வூட்டுப் பையன்?"

பதில் வரவில்லை. டீ வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

1

எங்கள் கொங்குப் பக்கத்தில் தீரன் சின்னமலை பெயரைச் சொல்லாத மேடை இல்லை. ஒரு சின்னப் பாளையம் கம்பெனிப் படையை எதிர்த்து நின்ற கதை அது. 1805இல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரோடு நின்ற அருந்ததியர் பொல்லானைப் பற்றி எத்தனை மேடை பேசியது? வெள்ளையர் படையின் நடமாட்டத்தைச் செருப்புக்குள் ஓலை வைத்துத் தைத்து அனுப்பிச் சொன்னவர் என்கிறது எங்கள் வாய்மொழி வரலாறு. அரச்சலூர் பக்கம் ஜெயராமபுரத்தில் அவருக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்று கேட்டு எங்கள் ஆட்கள் வருஷக்கணக்கில் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. சின்ன நாட்டின் சுதந்திரத்துக்குச் செத்தாலும், சாவுக்குப் பிறகும் சாதி உண்டு.

எதிர்ப்பக்கத்தில், கம்பெனிப் படையிலும் எங்கள் ஆட்கள்தான் இருந்தார்கள். சென்னைப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள். 1818 ஜனவரி 1ஆம் தேதி கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களின் நினைவுத்தூணில் 22 மகர்களின் பெயர்கள் இருக்கின்றன. 1824இல் பர்மா யுத்தத்துக்குப் போகச் சொன்னபோது பாரக்பூரில் வங்காளப் படையின் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். சாதி ஆச்சாரமும் கடல் தாண்டும் பயமும் அந்தப் படைக்குள் பெரிய பிரச்சினையாக இருந்த காலம். கப்பல் ஏறி ரங்கூன் போனதில் பெரும்பகுதி சென்னைப் படைதான். தீட்டுப் பார்க்க வசதியில்லாதவன் கடல் தாண்டினான். அவன் பிடித்துக் கொடுத்தது இன்னொருவன் நாடு. இதை நாம் பெருமையாகப் பாட வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. பண்ணைக்கு வெளியே சம்பளமும் சாப்பாடும் கிடைத்த ஒரே கதவு அது, நுழைந்தார்கள்.

கதவை அப்புறம் சாத்தினார்கள். 1857க்குப் பிறகு 'போர்க்குலம்' என்று ஒரு கண்டுபிடிப்பு வந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படைக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தி ஆள் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். 1892இல் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகன் பீமராவுக்கு அப்போது ஒரு வயது. 1920களின் கடைசியில் சென்னைக் காலாட்படையே கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் பழைய லாயக்கின்மை எல்லாம் மறந்துபோய், அதைத் திரும்ப உருவாக்கினார்கள். 1941இல் மகர் ரெஜிமெண்ட் வந்தது. 1943இல் சமார் ரெஜிமெண்ட் வந்தது. போர் முடிந்த கையோடு 1946இல் சமார் ரெஜிமெண்டைக் கலைத்துவிட்டார்கள்.

அரசுக்கு ஆள் தேவைப்பட்டால் நமக்கு வீரம் வந்துவிடுகிறது. தேவை தீர்ந்தால் போய்விடுகிறது.

2

பாதுகாப்பு என்ற விஷயத்தை நம்மில் யாரும் யோசித்ததில்லை என்று நினைக்க வேண்டாம். பாபாசாகேப் 1940இல் எழுதிய 'பாகிஸ்தான் குறித்த சிந்தனைகள்' நூலில் ராணுவத்தைப் பற்றித் தனியாகவே விவாதிக்கிறார். பாதுகாப்பான எல்லை முக்கியமா, பாதுகாப்பான படை முக்கியமா என்று கேட்டு, படைதான் என்று பதில் சொல்கிறார். மலையும் ஆறும் காப்பாற்றாது, படைக்குள் யார் இருக்கிறார்கள், யாருக்கு விசுவாசமாக இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி என்பது அவர் வாதம். போர்க்குலம் என்ற கதையையும் அங்கேயே உடைக்கிறார். பஞ்சாபியர் படையை நிரப்பியதற்குக் காரணம் 1857இல் அவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்கிற அரசியல்தான் என்று காட்டுகிறார்.

அந்த வாதத்தில் முஸ்லிம் சிப்பாய் மேல் ஒரு சந்தேகம் ஓடுகிறது. அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு மதத்துக்காரனின் விசுவாசத்தை முன்கூட்டியே சந்தேகப்படுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அவர் போட்ட கேள்வி நமக்கு வேண்டும். நாட்டின் படை நாட்டு மக்கள் எல்லாருடைய படையா, ஒரு பகுதியாருடையதா?

இன்னொன்று செலவு. 1951 அக்டோபரில் மந்திரி பதவியை விட்டு வெளியே வந்தபோது கொடுத்த அறிக்கையில், வருஷத்துக்கு 350 கோடி வருமானத்தில் 180 கோடியை ராணுவத்துக்குச் செலவழிக்கிறோம், நமக்கு நண்பர்கள் இல்லாமல் போன வெளியுறவுக் கொள்கையின் விலை இது என்று கணக்குக் காட்டினார். வெளியே பகையைக் குறைத்தால் உள்ளே பசியைக் குறைக்கலாம். இது ஒரு பெரிய நாட்டுக்குச் சொன்ன கணக்கு. சின்ன நாட்டுக்கு இன்னும் கறாராகப் பொருந்தும்.

3

பக்கத்திலேயே இருக்கிற சின்ன நாடு இலங்கை. தாராபுரம் தோழர் அடுக்கிய வழிகளில் முதல் மூன்றையும் ஒன்றுவிட்டு ஒன்று அது முயன்று பார்த்திருக்கிறது.

முதலில் பெரிய நாட்டின் நிழல். 1947 நவம்பரில் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் அடுத்த வருஷம் சுதந்திரம் வாங்கியது. திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படையும் கட்டுநாயக்கவில் விமானப்படையும் இருந்தன. 1957இல் பண்டாரநாயக்க அவற்றைத் திரும்ப வாங்கினார். அடுத்து, யாரோடும் சேராமை. இந்தியப் பெருங்கடலைச் சமாதான வலயமாக அறிவிக்க வேண்டும் என்று சிறிமாவோ கொண்டுபோன யோசனையை 1971 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானமாக ஏற்றது. நல்ல தீர்மானம். ஆனால் அதே 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது அந்த அரசு இந்தியா உள்பட பல நாடுகளிடம் ராணுவ உதவி கேட்டு நின்றது. வெளியிலிருந்து யாரும் படையெடுத்து வரவில்லை. வேலையில்லாத சிங்களக் கிராமத்து இளைஞர்களே துப்பாக்கி தூக்கினார்கள்.

படைக்குள் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1962இல் சில அதிகாரிகள் செய்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றது. அதற்கு முன்பே தொடங்கிய போக்கு அதற்குப் பின் வேகமானது. தமிழரும் கிறித்தவரும் கலந்திருந்த படை சிங்கள பௌத்தப் படையாக மாறியது. 1983இல் இனப் படுகொலை நடந்தபோது தமிழனுக்கு அது அன்னியப் படை. பாபாசாகேப் கேட்ட கேள்வி அங்கே ரத்தத்தில் எழுதப்பட்டது. எல்லாரும் இல்லாத படை எல்லாரையும் காக்காது.

அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டார்கள். 1987 ஜூலை 29ஆம் தேதி ராஜீவும் ஜெயவர்த்தனவும் கையெழுத்துப் போட்டார்கள். கூடவே பரிமாறிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலையை இந்தியாவுக்கு எதிராக யாருக்கும் விடமாட்டோம் என்ற உறுதி இருந்தது. உதவிக்கு விலை அது. அக்டோபரில் அமைதிப்படை புலிகளோடு சண்டையில் இறங்கியது. 1989இல் பிரேமதாச வெளியேறச் சொன்னார். 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. இந்தியச் சிப்பாய்களில் ஏறத்தாழ 1,200 பேர் செத்தார்கள். செத்த ஈழத் தமிழர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக்கொல்லப்பட்டதை யாரும் மறக்க முடியாது.

நாலாவது, சொந்தப் படை. 1983க்கு முன் பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் இருந்த தரைப்படை 2009இல் சுமார் 2 லட்சமாகி நின்றது. போர் முடிந்தும் குறையவில்லை. 2022இல் சோற்றுக்கும் மருந்துக்கும் பெட்ரோலுக்கும் நாடே வரிசையில் நின்ற பிறகுதான், 2023 ஜனவரியில், 2030க்குள் படையை 1 லட்சமாகக் குறைக்கிறோம் என்று அறிவித்தார்கள்.

இலங்கை முயலாத வழி ஒன்று உண்டு. மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிக்கா என்ற சின்ன நாடு உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1948 டிசம்பரில் படையைக் கலைத்தது. படைமுகாம் அருங்காட்சியகமானது. அந்தக் காசு பள்ளிக்கூடத்துக்குப் போனது. அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் அதற்குப் பின்னால் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா நாடும் கோஸ்டாரிக்கா ஆக முடியாதுதான். ஆனால் உள்ளே இருக்கிற சண்டைக்குப் படையைப் பெருக்குவது மருந்தில்லை என்பதற்கு இந்த இரண்டு நாடும் சாட்சி.

4

இனி சித்தப்பா பேசட்டும். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

"84ல கோயமுத்தூர்ல ஆள் எடுத்தாங்க. எங்கப்பன் கவுண்டரு தோட்டத்துக்குக் கவலைப் பறி தெச்சுக் குடுத்தவரு. ஊருக்கே செருப்புத் தெக்கறோம், ஆனா ஊருக்குள்ள போனா செருப்பக் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்கோணும். பூட்ஸ் போட்டுட்டு நடந்தா எவனும் கழட்டச் சொல்லமாட்டான்னுதான் பட்டாளத்துக்குப் போனேன். லீவுல யூனிபார்மோட வந்து டீக்கடைல நின்னேன். அதே தனி கிளாஸ்தான். சல்யூட் அடிச்சுட்டுக் குடுத்தாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

"87 கடைசில எங்களப் பலாலில எறக்குனாங்க. தமிழ் தெரிஞ்சவன்னு செக்போஸ்ட்ல நிறுத்துனாங்க. பக்கத்து வீட்டுல ஒரு ஆத்தா. வெயில்ல நிக்கறதப் பார்த்துட்டுச் செம்புல தண்ணி கொண்டாந்து, 'தம்பி, குடியுங்கோ'ன்னுச்சு. கையேந்துனேன். 'செம்பைப் பிடியுங்கோ'ன்னு கையில குடுத்துருச்சு. பிறத்தியாரு செம்புல நான் வாய் வெச்சுக் குடிச்சது அதுதான் மொதோ மொறை. அந்தாத்தாவுக்கு என் சாதி தெரியாது. தெரிஞ்சா குடுத்திருக்குமான்னும் எனக்குத் தெரியாது. ஆனா குடுத்துச்சு.

"நாலு நாள் கழிச்சு ராத்திரி அந்த வீதில கண்ணிவெடி. எங்க ஆளுக ரெண்டு பேரு போயிட்டாங்க. அந்தப் பக்கமும் சுட்டாங்க, இந்தப் பக்கமும் சுட்டோம். நானுஞ் சுட்டேன். விடிஞ்சு பார்த்தா வாசப்படில அந்த ஆத்தா கெடக்குது. எந்தப் பக்கத்துக் குண்டுன்னு தெரியல. அதத்தான் கண்ணு ராத்திரியெல்லாம் நெனச்சுட்டு உக்காந்திருக்கறேன்."

யாழ்ப்பாணத்துச் சாதி பற்றி நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்டவர்கள் போராட வேண்டியிருந்ததையும், கிணற்றில் தண்ணீர் மொள்ள விடாததையும் சொன்னேன். "அப்ப அங்கயும் நம்ம ஆளுக இருந்திருக்காங்க. நாஞ் சுட்ட எடத்துலயும் இருந்திருப்பாங்கல்ல" என்றார். அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

அவரிடம் நான் சொன்ன இன்னொரு செய்தி: 1987 அக்டோபர் 11 ராத்திரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய லைட் இன்பான்ட்ரி பிளாட்டூன் ஒன்றில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். சீக்கிய ரெஜிமெண்ட் வேறு, இது வேறு. இதில் சேர்க்கப்படுகிறவர்கள் மஜபி சீக்கியரும் ராம்தாசியா சீக்கியரும். அதாவது பஞ்சாபின் சேரிப் பிள்ளைகள். சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் அந்த மைதானத்தில் கிடந்தது.

எதிரே நின்ற சிங்களப் படையிலும் இதே கதைதான். அனுராதபுரம், மொனராகலை மாதிரி வறண்ட மாவட்டங்களின் ஏழைக் குடியானவன் பிள்ளைகள் சம்பளத்துக்காகச் சேர்ந்தார்கள். படையைவிட்டு ஓடியவர்கள் பல்லாயிரம். திரும்பி வந்தால் மன்னிப்பு என்று கொழும்பு அரசு திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டியிருந்தது.

5

1990இல் அமைதிப்படை சென்னையில் வந்து இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழனைச் சுட்ட படைக்கு வரவேற்பா என்று தமிழ்நாடே கேட்டது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. சித்தப்பாவும் அதை ஒத்துக்கொள்வார். கொழும்புப் பக்கம் செத்த இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. உயிரோடு வந்தவர்களுக்கு என்ன ஆச்சு என்று அங்கேயும் கேட்கவில்லை, இங்கேயும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் சேதி வந்துகொண்டிருந்தது. நான் அப்போது பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவிடம், "நீங்களும் சுட்டவங்கதான?" என்று கத்தினேன். அவர் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். என் பக்கம் அரசியல் சரியாக இருந்தது. ஆனால் அதை நான் எறிந்தது கையெழுத்துப் போட்ட யார் மேலும் இல்லை, போகச் சொன்ன இடத்துக்குப் போன ஒருவர் மேல். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சித்தி பட்டதை யார் எழுதுவது? ஆடிப் பட்டாசுக்கும் தீபாவளிக்கும் அவர் கட்டிலுக்கடியில் பதுங்குவார். பக்கத்தில் படுத்தால் தூக்கத்தில் கழுத்தைப் பிடித்துவிடுவார் என்று சித்தி இருபது வருஷமாகத் திண்ணையில் படுக்கிறார். ஒரு தடவை கோடாங்கியிடம் கூட்டிப்போனார். உடுக்கையடித்துப் பார்த்து, "கடல் தாண்டி ஒரு கிழவி புடிச்சிருக்குது" என்றான் கோடாங்கி. சித்தப்பா சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார். கோடாங்கி கண்டுபிடித்த அளவுக்குக்கூட, நாங்கள் பிறகு கூட்டிப்போன ஒரு டாக்டர் கண்டுபிடிக்கவில்லை. பிராந்தியைக் குறை என்று சொல்லி மாத்திரை எழுதினார்.

முதல் உலகப்போரில் இதற்கு 'ஷெல் ஷாக்' என்று பேர் வைத்தார்கள். கோழைத்தனம் என்று சொல்லித் தண்டித்ததும் உண்டு. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் போராடிய பிறகுதான், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் இது தனி நோயாக ஏறியது. பார்த்தது திரும்பத் திரும்பக் கண்முன் வரும். சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப்போடும். தூக்கம் போகும். மனைவி மக்களிடமிருந்தே விலகிப்போவான். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அந்த மண்ணின் மக்களுக்குப் போர் செய்ததை 1998இல் நூலாகவே எழுதினார். அவர் எழுதியது சுடப்பட்டவர்களின் காயம். சுட்டவனுக்கும் ஒரு காயம் இருக்கிறது. அது முதல் காயத்துக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் உண்டாக்கியவன் ஒருவனே, அவனுக்கு எந்தக் காயமும் இல்லை.

இந்தியாவின் முப்படைகளிலும் ஐந்து வருஷத்தில் 819 பேர் தற்கொலை செய்துகொண்டதாக 2022 ஜூலையில் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் தரைப்படையில் மட்டும் 642 பேர். இதில் எத்தனை பேர் சேரி, எத்தனை பேர் ஊர் என்று கணக்குச் சொல்ல மாட்டார்கள். உயிரோடு இருக்கும்போது ரெஜிமெண்டுக்குச் சாதிப் பெயர் வைக்கிறவர்கள், செத்தால் மட்டும் எல்லாரும் இந்தியர் என்கிறார்கள்.

6

2022 ஜூனில் அக்னிபத் வந்தது. நாலு வருஷம் வேலை, அதற்குப் பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குத்தான் நிரந்தரம். மற்றவர்களுக்கு ஒரு தொகை, பென்ஷன் இல்லை. நேபாளம் ஒரு சின்ன நாடு. 1947 ஒப்பந்தப்படி தன் பிள்ளைகளை இந்தியப் படைக்கும் பிரிட்டிஷ் படைக்கும் அனுப்பி வந்த நாடு. இந்தத் திட்டம் அந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தவில்லை என்று 2022 ஆகஸ்டில் ஆள் எடுப்பதை நிறுத்தி வைக்கச் சொன்னது. நாலு வருஷம் துப்பாக்கி பழகி வேலையில்லாமல் திரும்பி வருகிற இளைஞன் என்ன ஆவான் என்று அங்கே ஒரு அரசாவது கேட்டது. நம் வளவுகளுக்காகக் கேட்க எந்த அரசு இருக்கிறது?

ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். ஈழத்துக்குப் போய்வந்த நம் ஆட்களின் வாக்குமூலங்களை, அவர்கள் சாவதற்கு முன் எழுதி வைக்க வேண்டும். இப்போது பலருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. முன்னாள் சிப்பாய்களுக்கான மருத்துவ வசதியில் மனநலமும் உண்டு என்பதை வளவு வளவாகப் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு நாடுகள் ஒப்பந்தம் பேசுகிற இடத்தில், செத்துப்போகிறவன் யார் என்பதையும் ஒரு கணக்காக வைக்கச் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் கரூர் ரோட்டில் விடிகாலையில் எங்கள் பையன்கள் நாலைந்து பேர் ஓடிப் பழகுகிறார்கள். போன மாதம் ஒருவன், டூட்டி முடிந்து வந்த சித்தப்பாவை நிறுத்தி, "பட்டாளத்துக்குப் போலாமுங்களா, வேண்டாமுங்களா பெரீப்பா?" என்று கேட்டான். சித்தப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இங்கிருந்தா பனியன் கம்பெனில பன்னெண்டு மணி நேரம். அங்க போனா துப்பாக்கி. மூணாவதா ஒண்ணு இருந்தா, போகாதடான்னு தைரியமாச் சொல்லுவேன். இல்லியே கண்ணு" என்றார்.

அந்த மூன்றாவது ஒன்றை உண்டாக்குவதுதான் நம் வேலை. அதுவரை, நாட்டுப் பாதுகாப்பு என்று யார் பேசினாலும் சித்தப்பாவின் கேள்வியை நடுவில் வைப்போம்: நிற்கிறவன் யார் வீட்டுப் பையன்?